முப்பத்து மூன்று மைலும் ஒரு தேளும்

சேலத்திலிருந்து நாமக்கல் சனிச் சந்தைக்குப் போய்ப் பச்சை குத்திக்கொண்டு அன்றே திரும்பிவிட முடியுமா என்று இரண்டு பெண்கள் என்னைத் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். இருவருக்கும் நாற்பது வயதுக்கு மேல். முடியும். மாசி மாதம் இரண்டாவது சனிக்கிழமை நாங்கள் போய்விட்டு வந்தோம். நேரமும் கட்டணமும் கீழே சரியாக எழுதியிருக்கிறேன். ஆனால் இதை எனக்கு அமைதியாக எழுத வரவில்லை. மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன். மூன்று முறையும் கோபம்தான் வந்தது. அப்படியே இருக்கட்டும்.

போனது என் சின்னம்மாவுக்காக. அம்மாவின் தங்கை, வயது நாற்பத்து மூன்று. ராசிபுரத்துக்குக் கிழக்கே கட்டிக்கொடுத்த இடம். சித்தப்பாவுக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு, வைத்தியத்துக்காகத் தை மாதம் இருவரும் சேலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். டாக்டர் இரண்டு முறை நீர் எடுத்தார். மூன்றாவது முறை எடுக்காமல் வெளியே வந்து, அப்பாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போனார். மறுநாள் அப்பா பஸ் ஏறி ஜலகண்டாபுரம் போய்வந்தார்.

எதற்குப் போனார் என்பது நாலு நாள் கழித்துத் தெரிந்தது. பழைய போர்வை தேடி டிரங்குப் பெட்டியைத் திறந்த சின்னம்மா, அடியில் ஒரு வெள்ளைச் சேலையைப் பார்த்தார். புருஷன் செத்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் கூடப்பிறந்த ஆண் இல்லாததால் அது எங்கள் வீட்டுக் கடமை. யுத்தத்தால் துணிக்குக் கட்டுப்பாடு. கேட்ட நாளில் கிடைக்காது. அதனால் அப்பா முன்கூட்டியே தறிக்காரரிடம் சொல்லி வாங்கி வைத்துவிட்டார். அடுத்த அறையில் சித்தப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

சின்னம்மா அழவில்லை. சேலையை இருந்த மடிப்பிலேயே வைத்துவிட்டு, கொல்லைப்புறத்தில் படித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

“உங்கொப்பன் நல்ல நூலாப் பாத்துத்தான் வாங்கியிருக்காரு, கண்ணு.”

நான் புத்தகத்தை மூடினேன்.

“தாலியக் கழட்டிருவாங்க. வளவிய ஒடச்சிருவாங்க. தோடு, மூக்குத்தி, எல்லாம். கழட்ட முடியாதது ஒண்ணு எனக்கு வேணுஞ் சாமி. பச்ச குத்திக்கறேன்.”

ஒன்பது வயதில் ஊரில் எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் குறத்தி வந்து தேள் குத்தியபோது, இவர் மட்டும் சோளத்தட்டுப் போருக்குள் ஒளிந்துகொண்டாராம். அப்புறம் கல்யாணம், காடு, மாடு. கை வெறுமையாகவே நின்றுவிட்டது. தாலி அறுத்தவளுக்கு எந்தக் குறத்தியும் ஊசி எடுக்க மாட்டாள், ஊர் விடாது. ஆகையால் சித்தப்பா உயிரோடு இருக்கும்போதே ஆக வேண்டும். டாக்டர் எத்தனை நாள் சொன்னார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

“சித்தப்பாகிட்டக் கேட்டீங்களா?” என்றேன்.

“கேக்கல. சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“என்ன படம்னாரு.”

திட்டம் போட நாலு சாயங்காலம் ஆயிற்று. படித்தவள் என்ற திமிரில், தேளெல்லாம் வேண்டாம், உங்கள் பெயரையே குத்திக்கொள்ளுங்கள் என்று ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தாக அவர் பெயரை எழுதிக் காட்டினேன். யாருடைய மனைவி, யாருடைய மகள் என்றில்லாமல் அவருக்கென்று ஒரு பெயர் கையில் இருக்கட்டும் என்பது என் எண்ணம். அவருக்கு எழுத்து தெரியாது. காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“இதா நானு?”

“ஆமாங்க சின்னம்மா.”

“பூரான் மாதிரி இருக்குது. தேளே போதும்.”

சேலத்திலேயே குறத்திகள் தெருவில் வருகிறார்கள். ஆனால் வாசலில் உட்கார வைத்தால் தெருவே கூடி வேடிக்கை பார்க்கும். நாமக்கல் சந்தையில் நம்மை யாருக்கும் தெரியாது என்று முடிவு செய்தோம். அது எங்கள் தப்புக் கணக்கு. அம்மாவிடம் மலைக்கோயிலுக்கு வேண்டுதல் என்று சொன்னோம். சித்தப்பாவைப் பார்த்துக்கொள்ள அம்மா ஒப்புக்கொண்டார்.

காலை ஆறரை மணிக்குச் சேலத்தில் பஸ் ஏறினோம். பெட்ரோல் இல்லாததால் எல்லாம் இப்போது கரிவண்டிதான். பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிறது. முப்பத்து மூன்று மைல், ஆளுக்குப் பதினான்கு அணா. பின் வரிசையில் உட்காராதீர்கள், முதுகு வெந்துவிடும். கண்டக்டர் சீட்டைக் கிழிப்பதற்கு முன்னால், “ஆம்பளத் தொணை ஆருமில்லீங்களா?” என்று கேட்டார். இந்தக் கேள்வியை அன்று ஐந்து பேர் கேட்டார்கள். துணையாக வந்திருக்க வேண்டியவர் வயிறு வீங்கிப் படுத்திருக்கிறார் என்று சொல்ல வாய் வரை வந்தது. சின்னம்மா என் முழங்காலைத் தட்டி அடக்கினார்.

ராசிபுரத்தில் இருபது நிமிஷம் நிற்கும். காபி கிடைக்கும், சர்க்கரைக்குப் பதில் வெல்லம். நாமக்கல்லில் இறங்கும்போது பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

பச்சை குத்துகிறவர்கள் ஆடு விற்கும் இடத்தைத் தாண்டி, வேப்பமரங்களுக்கு அடியில் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் பார்த்த குறத்திக்குச் சின்னம்மா வயதுதான் இருக்கும். நாலணா கேட்டாள், கொடுத்துவிட்டோம். சிரட்டையில் விளக்குக் கரியும் இலைச்சாறும் குழைத்த மை, நூலால் சேர்த்துக் கட்டிய மூன்று ஊசி.

“இந்த வயசுலயா சாமி ஆச வந்துச்சு?” என்றாள்.

“ஆசையில்ல. அவசரம்,” என்றார் சின்னம்மா. “கொடுக்கு நல்லாத் தூக்கியிருக்கோணும்.”

குறத்தி சிரித்துவிட்டு, இடது முன்கையின் உட்பக்கத்தில் குச்சியால் முழுத் தேளையும் முதலில் வரைந்தாள். பிறகு ஏதோ பாடிக்கொண்டே குத்த ஆரம்பித்தாள். உடல், கால்கள், இடுக்கிகள். ரத்தம் முத்து முத்தாக வந்தது. சின்னம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணியில் வால் வரைக்கும் வந்துவிட்டது.

“ஏம்புள்ள, அது நீயா?”

எங்களுக்குப் பின்னால் வெள்ளைச் சேலையில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். சித்தப்பாவின் அண்ணன் மனைவி, சின்னம்மாவின் ஓரகத்தி. பத்து வருஷமாகத் தாலி இல்லாதவர். ஆட்டுக்குட்டி வாங்கச் சந்தைக்கு வந்திருக்கிறார்.

“என்ற கொழுந்தன் அங்க உசுரக் கையில புடிச்சுட்டுக் கெடக்கறான். உனக்கு இங்க பச்ச கேக்குதா?”

“அவருகிட்டச் சொல்லிட்டுத்தாங்க வந்தேன், அக்கா.”

“சொன்னயாக்கும்! நாளைக்குச் சீவிச் சிங்காரிச்சுட்டு வாரேன்னும் சொல்லுவே.” கூட்டம் கூடிவிட்டது. அவர் குறத்தியின் பக்கம் திரும்பினார். “ஏ, ஊட்டுக்காரன் சாகக் கெடக்கறவளுக்குக் குத்தறயே, அடுத்த சந்தைக்கு இங்க கால் வெச்சுருவயா? ஊர்க் கவுண்டருக நாலு பேருகிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

குறத்தி ஊசியை எடுத்துவிட்டாள்.

“இன்னும் கொடுக்குத்தாங்க பாக்கி,” என்றார் சின்னம்மா, யாரையும் பார்க்காமல்.

நான் எழுந்து பேசினேன். நிறையப் பேசினேன். பெண்ணின் உடம்பு யாருடையது என்பது போல ஏதோ சொன்னேன். கூட்டத்தில் ஒருவர், “மீட்டிங்குல பேசற புள்ளயாட்ட இருக்குது,” என்றார், எல்லோரும் சிரித்தார்கள். ஓரகத்தி காறித் துப்பிவிட்டுக் குட்டிகள் பக்கம் போய்விட்டார். மிச்சமிருந்த கோபத்தை நான் குறத்தியின் மேல் காட்டினேன். காசு வாங்கிக்கொண்டு பாதியில் விடுவது என்ன நியாயம் என்று கேட்டேன்.

“உங்களுக்கென்ன சாமி, பஸ் ஏறிப் போயிருவீங்க,” என்றாள் அவள், குரலே உயராமல். “எங்க ஆம்பளைங்க தெனமும் ராத்திரி டேசன்ல போய் ரேக வெக்கறவங்க. ஒரு வார்த்த போனா, உள்ள வெச்சுருவாங்க.”

தவறான ஆளிடம் கத்தியிருக்கிறேன். நாடெல்லாம் குற்றப் பரம்பரை என்று ஒரு சட்டத்தால் முத்திரை குத்தி வைத்திருக்கிற ஜனங்களிடம் போய் நான் நியாயம் கேட்டேன். மன்னிப்புக் கேட்டேன், அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கடையைக் கட்டும்போது ஊசியையும், இலையில் மடித்த மையையும் என் பைக்குள் நழுவவிட்டாள்.

“மிச்சத்த நான் குத்தல, நீங்களே குத்திக்கங்க. அரிசி கனத்துக்கு எறங்கோணும். மேலாகப் போனா அழிஞ்சுரும், ஆழமாப் போனாச் சீழ் புடிக்கும். பொழுது சாஞ்சா மை காஞ்சுரும்.”

ஒன்றரை மணிக்குத் திரும்பும் பஸ். சின்னம்மா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதுச்சத்திரம் தாண்டி மூன்று மைலில், ஒரு மேட்டில் வண்டி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடுப்பைத் திறந்து பார்த்தார். சாம்பலை வாரிக் கரி போட்டு மறுபடி மூட்ட முக்கால் மணி நேரமாகும் என்றார். இது இந்த வழியில் சாதாரணம். தண்ணீரும் சோறும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் புளியமரத்து நிழலுக்குப் போனோம்.

சின்னம்மா கையை என் மடியில் வைத்தார்.

“குத்து.”

“எனக்குத் தெரியாதுங்க சின்னம்மா.”

“எனக்கும் கொடுக்கில்லாத தேளக் கட்டிக்கிட்டு அழத் தெரியாது. ஊட்டுக்குப் போனா உங்கம்மா விடமாட்டா. குத்து சாமி.”

வேர்வையில் குறத்தி வரைந்த கோடு பாதி கலைந்திருந்தது. குடிதண்ணீரால் கழுவினேன். டிரைவரிடம் நெருப்புக் கேட்டேன். அடுப்பிலிருந்து ஒரு கங்கு எடுத்து வந்தார், ஊசியை அதில் காட்டினேன். முதல் குத்து மேலாகப் போனது. இரண்டாவதில் சின்னம்மாவின் பெருவிரல் என் முழங்காலில் ஊன்றிக்கொண்டது. அதற்குப் பின் நான் எண்ணவில்லை. சேலையை, அதை வாங்கி மடித்து வைத்த அப்பாவை, துப்பிவிட்டுப் போன அந்த அம்மாளை, ரேகை வாங்கும் ஸ்டேஷனை நினைத்துக்கொண்டே குத்தினேன். கோபத்தில் கை ஆழமாகப் போகிறது என்று தெரிந்து, மூச்சை விட்டு விட்டுக் குத்தினேன்.

டிரைவர் கரிக்கையோடு வந்து எட்டிப் பார்த்தார். “ஏனுங்க அம்மிணி, நீங்க வாத்திச்சியா, குறத்தியா?”

“என்ற அக்கா மவ,” என்றார் சின்னம்மா. “படிச்ச புள்ள. அதுதான் கை நடுங்குது.”

“கொடுக்கு கோணலாப் போகுதுங்களே.”

“கோணலாக் கொட்டுனாலும் வெசம் வெசந்தானுங்க.”

டிரைவர் சிரித்தார். அன்று முதல் முறையாகச் சின்னம்மாவும் சிரித்தார். வண்டி கிளம்பியபோது மணி மூன்றரை. சேலம் வந்து சேர ஆறு மணி பத்து நிமிஷம். அம்மா கையைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சித்தப்பா பார்த்துவிட்டு, விளக்கைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். இன்னொரு முறை பார்த்தார்.

பத்தொன்பதாம் நாள் அவர் போய்விட்டார். ஊரில் வைத்துத்தான் சடங்கு. அப்பா வாங்கிய கோடியைத்தான் போர்த்தினார்கள். சொன்னபடி எல்லாவற்றையும் கழற்றினார்கள், உடைத்தார்கள். வளையலை உடைக்கக் கையைப் பிடித்த ஓரகத்தி தேளைப் பார்த்துவிட்டு, வெள்ளை முந்தானையை இழுத்து அதை மூடினார். சின்னம்மா கையை வெளியே எடுத்தார். மறுபடி மூடினார், மறுபடி எடுத்தார். மூன்றாவது முறை ஓரகத்தி விட்டுவிட்டார். சந்தையில் அத்தனை பேசிய நான், இரண்டடி தூரத்தில் வாயைத் திறக்காமல் நின்றேன். மற்ற எல்லாக் கோபத்தையும்விட இந்தக் கோபம்தான் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. மாசி, பங்குனிக்குள் போய்விடுங்கள். சித்திரை வெயிலில் புண் ஆறாது. காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். இரண்டு பேராகப் போங்கள். சொந்தக்காரர்கள் வராத சந்தையாகப் பாருங்கள். நாமக்கல்தான் என்றில்லை, பள்ளிபாளையம் பக்கம் ஆற்றைத் தாண்டினால் இன்னும் நல்லது. ஊசியைக் கொதிநீரில் போடச் சொல்லுங்கள். குத்துகிறவளிடம் மரியாதையாகப் பேசுங்கள், கேட்டதைக் கொடுங்கள், யாராவது அதட்டினால் நீங்கள் முன்னால் நில்லுங்கள். ஐந்து நாள் மஞ்சளும் நல்லெண்ணெயும் தடவுங்கள். மைக் கறை படும்; நல்ல சேலை வேண்டாம்.

வலிக்குமா என்று இருவருமே கேட்டார்கள். சின்னம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உடம்பும் காலும் அத்தனை இல்லை, கொடுக்குத்தான் உயிர் போய்விட்டது என்கிறார். அது நான் குத்திய இடம்.