ஆறாவது சிரட்டை

போன கிழமை பேத்தியின் கைத்தொலைபேசியில் ஒரு படம் பார்த்தேன். வேற்று உலகத்தார் பூமியில் வந்து இறங்கும் கதை. எனக்குக் கதைக்கு முன் எண்ணிக்கைதான் கண்ணில் படும். உலகைக் காப்பாற்ற வந்தவர்கள் ஏழு பேர்; எழுவரும் வெள்ளைத் தோல். அழிக்க வந்தவர்கள் பதினொரு பேர். ஒன்பது பேர் கறுப்பு. இதைச் சொன்னபோது பேத்தி, "அப்பப்பா, எண்ணுறதை விட்டிட்டுக் கதையைப் பாருங்கோவன்" என்றாள். பார்த்தேன். மனம் அங்கே நிற்கவில்லை. ஆறு தேங்காய்ச் சிரட்டைகளிடம் போய்விட்டது.

அப்போது நான் நான்காம் வகுப்பு, அக்கா எட்டாம் வகுப்பு. பரிசளிப்பு விழாவுக்கு எங்கள் சித்திர வாத்தியார் ஒரு நாடகம் எழுதினார். இருட்டுக் கிரகத்து அரக்கர்கள் பூமியைப் பிடிக்க வருகிறார்கள். வெள்ளிக் கிரகத்து மக்கள் பறக்கும் கப்பலில் வந்து நம்மை மீட்கிறார்கள். வாத்தியாரின் ஊர் நிலாவெளி. ஆகவே கப்பலும் நிலாவெளிக் கடற்கரையில்தான் இறங்கியது. அதைச் செய்து கொடுத்தவர் அப்பா. அவர் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றுபவர். உடைந்த பெட்டிப் பலகைகளில் நான்கைக் கேட்டு வாங்கி வந்து, உள்ளே ஒட்டியிருந்த வெள்ளித்தாளை வெளியே வரும்படி திருப்பி ஆணி அடித்தார். ஆணி முப்பத்தாறு.

அக்காவுக்கு வெள்ளி ராணியாக நடிக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். ராணிக்கு நாற்பத்து மூன்று வசனம். நாடகக் கொப்பியைப் பிடித்துக்கொண்டு சரி பார்த்தவன் நான். நாற்பத்து மூன்றையும் அவள் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். ஆனால் தெரிவு செய்த அன்று வாத்தியார் யாரையும் வசனம் சொல்லச் சொல்லவில்லை. பெண்பிள்ளைகளை யன்னல் வெளிச்சத்தில் வரிசையாக நிறுத்தி முகங்களைப் பார்த்தார். சுங்க அதிகாரியின் மகள் ராணியானாள். நல்ல பிள்ளை, வசனம்தான் மனதில் நிற்காது. அக்கா அரக்கர் தலைவியானாள். அவளுக்கு ஒரே ஒரு வசனம், அதன்பின் ஓர் அலறல், அதன்பின் சாவு.

நான் அம்மாவின் நிறம், அக்கா அப்பாவின் நிறம். எனக்குப் பவுடர் பூசி வெள்ளிக் கிரகத்து வரிசையில் மூன்றாவதாக நிறுத்தினார்கள். வீட்டுக்கு ஒரு தேவனும் ஓர் அரக்கியும் என்பது சரியான பங்கீடாகவே எனக்குப் பட்டது.

அரக்கர்கள் ஆறு பேர். பானைக் கரியைச் சுரண்டித் தேங்காய் எண்ணெயில் குழைத்து, ஆளுக்கு ஒரு சிரட்டையில் வைக்க வேண்டும். எங்கள் குசினியிலும் அயல் வீடுகளிலும் கரி சேர்த்தவன் நான். கடைசி ஒத்திகையில் வாத்தியார் ஆறாவது சிரட்டையைக் கையில் எடுத்து, அக்காவைப் பார்த்துவிட்டு, ஒரு பக்கமாக வைத்தார்.

"உனக்கு இது தேவையில்லை, பிள்ளை. அப்பிடியே நில்."

மற்ற ஐந்து அரக்கர்களும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, அக்காவால் ஒரு முழுச் சிரட்டைக் கரி மிச்சம் என்று நான் பெருமையாக அறிவித்தேன். அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. அக்காவைப் பார்த்து, "பிள்ளை, நாளைக்கு நான் வந்து வாத்தியாரோட கதைக்கட்டோ?" என்று கேட்டார்.

"வேண்டாம் அப்பா. கதைச்சா இதுவும் இல்லாமப் போகும்."

அம்மா அப்பாவின் சோற்றுக் கோப்பையில் இன்னொரு மீன்துண்டு வைத்தார். அத்துடன் அந்தக் கதை முடிந்தது.

விழா பின்னேரம் நடந்தது. கப்பல் நன்றாக இறங்கியது. பவுடர் மூக்கில் ஏறி எங்களில் இரண்டு பேர் தும்மினார்கள், அவ்வளவுதான். கடைசிக் காட்சியில் ராணி மந்திரக்கோலை நீட்டிச் சாபம் இட வேண்டும். அதைக் கேட்டு அரக்கி விழ வேண்டும். ராணி கோலை நீட்டினாள். வாய் திறந்தது, சொல் வரவில்லை. நான் பத்தொன்பது வரை எண்ணினேன். திரைக்குப் பின்னால் வாத்தியார் கொப்பியைத் தேடும் சத்தம் கேட்டது.

அப்போது, கைகளை உயர்த்தியபடி நின்ற அக்கா, ராணிக்கென்று பழகி வைத்திருந்த குரலில் தானே சொன்னாள்:

"இருளின் மகளே, வந்த குழிக்கே திரும்பிப் போ. ஒளியின் முன்னே உனக்கு இடமில்லை."

பிறகு அலறினாள். விழுந்தாள்.

மண்டபம் சிரிப்பும் கைதட்டலுமாக அதிர்ந்தது. கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த அப்பா ஒருவர்தான் கைதட்டாமல் இருந்தார். வெளியே வந்ததும் வாத்தியார் அக்காவின் தலையில் தட்டி, "என்ர நாடகத்தைக் காப்பாத்திப் போட்டாய், பிள்ளை" என்றார். ஐந்து அரக்கர்களும் பள்ளிக்கூடக் கிணற்றடியில் கரியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு அந்த வேலை இல்லாததால் நாங்கள் முந்தி வீட்டுக்கு வந்துவிட்டோம்.

வந்தவள் நேரே எங்கள் கிணற்றடிக்குப் போனாள். சவர்க்காரமும் தேங்காய்த் தும்பும் எடுத்து முகத்தைத் தேய்த்தாள். கழுத்தைத் தேய்த்தாள். தண்ணீர் அள்ளி ஊற்றிவிட்டு மறுபடி தேய்த்தாள். நான் வாளிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். வீணாகப் போகும் தண்ணீர்தான் அப்போது என் கவலை.

"அக்கா, உங்களுக்குத்தான் ஒண்டும் பூசேல்லையே" என்றேன்.

அவள் வாளியைக் கிணற்றில் இறக்கினாள்.

பதினைந்து, என்று எண்ணினேன்.