கேம்ஷாஃப்ட் இல்லாத மாப்பிள்ளை

"ஜூன் 8, ஞாயிறு. அருள்புரம். அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசர். பொறுமையான பேச்சு. இன்ஜினில் கேம்ஷாஃப்ட் இல்லை என்கிறான். மச்சான் முகம் சரியில்லை. மழை இல்லை."

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். நடந்ததில் பாதியைக்கூட அது சொல்லவில்லை. மீதியை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

மச்சான் என்றால் என் அக்கா கணவர். அருள்புரத்தில் வட்டப் பின்னல் மெஷின்கள் போட்டு, எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குத் துணி ஓட்டிக் கொடுக்கிறவர். அவருடைய உலகம் கேமின் மேல் நிற்கிறது. கேம் என்பது ஓரத்தில் மேடு பள்ளம் வெட்டிய ஒரு சின்ன இரும்புத் துண்டு. மெஷின் சுற்றும்போது ஊசியின் அடிக்குமிழ் அந்த மேட்டில் ஏறினால் ஊசி ஏறும், இறங்கினால் இறங்கும். ஊசி ஏறி இறங்கினால் துணி. அதனால் உலகத்தில் எது அசைந்தாலும் அதன் அடியில் எங்கோ ஒரு கேம் இருக்கிறது என்பது மச்சானின் முடிவு. தேய்ந்துபோன கேம் ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் கிடக்கும். யோசிக்கும்போது அதை எடுத்துக் கட்டைவிரலால் தடவுவார்.

பெண் பார்க்க வருகிற பையன்களிடம் அவர் சம்பளம் கேட்பதில்லை. செய்கிற வேலையை விளக்கச் சொல்வார். முன்பு ஒரு மென்பொருள்காரப் பையன் வெகுநேரம் விளக்கினான். எல்லாம் கேட்டுவிட்டு மச்சான், "அப்பச் சாயங்காலம் ஆனா கையில என்ன இருக்கும் தம்பி?" என்றார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

இந்தப் பையன் சோமனூர்க்காரன். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். அவரும் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தார். மச்சான் ஆரம்பித்தார்.

"இன்ஜின் எத்தனை பெருசுங்க தம்பி?"

"மூணு மாடி உசரம் இருக்குமுங்க."

"எத்தனை ஸ்பீடு?"

"புல் ஸ்பீடுல போனாலும் நிமிசத்துக்கு எழுவது எம்பது சுத்துதானுங்க."

மச்சானுக்கு அது பிடித்துவிட்டது. நிதானமாகச் சுற்றுகிற எதையும் அவர் மதிப்பார். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு, அன்பாக, "கேம் எத்தனை?" என்றார்.

"கேமே இல்லீங்க."

"புரியலீங்க தம்பி."

"பழைய இன்ஜின்ல இருக்குமுங்க. பெரிய செயின் போட்டு, கேமெல்லாம் மாட்டின கேம்ஷாஃப்டைச் சுத்துவாங்க. எங்க கப்பல்ல அது இல்லீங்க. கிராங்க்ஷாஃப்ட்னு சுத்தற பெரிய தண்டு, அது முனையில சென்சார் இருக்குதுங்க. இப்ப எந்தக் கோணத்துல நிக்குதுன்னு அது சொல்லிக்கிட்டே இருக்கும். அதைப் பாத்துக்கிட்டு, எந்த சிலிண்டர்ல எப்ப எரிபொருள் அடிக்கணும், எப்ப வால்வைத் தொறக்கணும்னு கம்ப்யூட்டர் சொல்லிரும்."

"சொன்னா ஆச்சா? தொறக்கறது யாரு?"

"ஆயிலுங்க. பயங்கரப் பிரஷர்ல பைப்புல காத்துக்கிட்டு நிக்கும். வழி விட்டா வால்வைத் தள்ளித் தொறந்துரும்."

"மூடறது?"

"காத்துங்க."

மச்சான் என்னைப் பார்த்தார். "தொறக்கறது ஆயிலு, மூடறது காத்து. இரும்புக்கு அங்க என்ன சோலின்னே தெரியல."

"கம்ப்யூட்டர் நின்னுபோச்சுன்னா?" என்றேன் நான், பேச்சைக் காப்பாற்றுவதாக நினைத்து.

"ரெண்டு இருக்குதுங்க. ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு தயாரா நிக்கும். அது போனா இது எடுத்துக்கும்."

"ரெண்டும் போனா?" என்றார் மச்சான்.

"அப்ப சீப் இன்ஜினியர் என்னையத் தேடுவாருங்க."

உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. என் அக்கா மகளின் சம்மதம் பதிவான இடம் அது என்று நான் கருதுகிறேன். அவள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு, சரக்கு ஏன் இன்னும் கப்பல் ஏறவில்லை என்று பணிவான ஆங்கிலத்தில் மெயில் எழுதுவது அவள் வேலை. லேசில் சிரிக்கிற பெண் இல்லை.

அடுத்ததாக, கப்பல் பின்னால் வருவது எப்படி என்று மச்சான் கேட்டார். இன்ஜினை நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கமாகச் சுற்றவிடுவோம், கியர்பாக்ஸ் எல்லாம் கிடையாது என்றான் பையன். மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் மெஷினைப் பின்பக்கமாகச் சுற்றினால் ஊசிகள் ஒடியும். அப்படிச் சுற்றிய ஒரு ஆபரேட்டரை அவர் அன்றே கணக்கு முடித்து அனுப்பியிருக்கிறார்.

கடைசியில் அவர் பையனின் அப்பாவிடம் திரும்பினார். "நீங்க என்னங்க சொல்றீங்க?"

விசைத்தறிக்காரர் கடலையை மென்று விழுங்கினார். "நானும் கேட்டுக் கேட்டுப் பாத்துட்டனுங்க. அவன் இப்படித்தான் சொல்றான்."

வந்தவர்கள் போனதும் மச்சான் தீர்ப்புச் சொன்னார். "பொய் சொல்ற பையனுக்கு என்ற பொண்ணைக் குடுக்க முடியாது."

"ஏனுங்க, பத்துல எட்டுப் பொருத்தம் இருக்குதுங்க" என்றாள் அக்கா.

"எட்டு இருந்து என்ன பண்றது? கேம் இல்லையே."

இப்படிப் பதினோராவதாக ஒரு பொருத்தம் சேர்ந்தது. பையனுக்கு விடுப்பு முடிய அதிக நாள் இல்லை. கப்பல் ஏறிவிட்டால் திரும்பி வர மாதக்கணக்காகும். அதற்குள் சோமனூரில் வேறு ஜாதகங்கள் வந்து விழும். அக்கா மகள் அன்று இரவு சாப்பிடவில்லை என்று மறுநாள் அக்கா போனில் சொன்னாள். சாப்பிட்டாள் என்றும், தயிர் மட்டும் வேண்டாம் என்றாள் என்றும் மச்சான் பின்னால் இருந்து திருத்தினார். இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

விசாரிக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. "மாப்ள, நீ கண்டதையும் படிக்கிறவன். இதையும் படிச்சுட்டுச் சொல்லு" என்றார் மச்சான். ஊருக்கு மறுகோடியில், மண்ணரையில் என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த வாரம் முழுக்கப் படித்தேன். பின்னலாடை ஊரில் கடலைப் பற்றிப் படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. யாரும் வந்து திருத்த மாட்டார்கள்.

பையன் சொன்னது சரி. பழைய பெரிய கப்பல் இன்ஜின்களில் எரிபொருள் எப்போது உள்ளே போகவேண்டும், புகை எப்போது வெளியேற வேண்டும் என்பதை இரும்பில் வெட்டிய மேடுதான் தீர்மானித்தது. ஒருமுறை வெட்டிவிட்டால் முடிந்தது. கப்பல் வேகமாகப் போனாலும் ஊர்ந்தாலும் இன்ஜின் ஏறக்குறைய அதே தாளத்துக்குத்தான் ஆட வேண்டும். மெதுவாகப் போகும்போது புகை தள்ளும். புதிய இன்ஜின்களில் அந்த மேட்டைக் கணக்காக மாற்றிவிட்டார்கள். சுமைக்கும் வேகத்துக்கும் ஏற்றபடி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக, எரிபொருள் அடிக்கும் நேரத்தை முன்னேயோ பின்னேயோ தள்ளிக்கொள்ளலாம். கட்டுப்பாட்டு அறை படுத்துவிட்டாலும், இன்ஜின் பக்கத்திலேயே நின்று கையால் ஓட்டவும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்.

படங்களை அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"படம் யாரு வேணாலும் போடலாம் மாப்ள."

வீடியோ காட்டினேன்.

"இது கிராபிக்ஸ்."

"மச்சான், கேம் வெச்ச கப்பலும் இன்னும் நெறைய ஓடுது. கேம் இல்லாத கப்பலும் ஓடுது. ரெண்டும் நெசம்."

"அப்ப இவன் வேலை செய்யற கப்பல் எதுன்னு யாரு பாத்தா?"

நியாயமான கேள்வி. பக்கத்தில் லேப்டாப்பில் மெயில் அடித்துக்கொண்டிருந்த அக்கா மகள் தலை தூக்காமல் சொன்னாள்.

"பொய் சொல்றவரா இருந்தா, கேம் இருக்குதுன்னு சொல்லியிருப்பாரு. அப்பா கேக்க ஆசைப்பட்டது அதைத்தானே?"

மச்சான் கேமைத் தடவினார். "அது இன்னும் பெரிய பொய்யாவும் இருக்கலாம் கண்ணு." ஆனாலும் எழுந்து போகும்போது, "ஞாயித்துக்கெழமை அந்தத் தம்பிய யூனிட்டுக்கு வரச்சொல்லு மாப்ள. மெஷின் முன்னாடி நிக்கட்டும். அங்க யாரும் பொய் சொல்ல முடியாது" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு. அக்கா மகளை நான்தான் வண்டியில் அழைத்துக்கொண்டு போனேன். அவள் வாழ்க்கையைப் பற்றிய விசாரணை, அவள் இல்லாமல் நடக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. அவசர ஆர்டர் ஒன்று இருந்ததால் யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சுத் தூசியும் எண்ணெய் மணமும். ஒரு மெஷின் மட்டும் நின்றிருந்தது. அது டிசைன் பின்னுவதற்காக மச்சான் புதிதாக வாங்கிய எலக்ட்ரானிக் ஜக்கார்டு. ஊசியை ஏற்றுவது அதிலும் கேம்தான். ஆனால் எந்த ஊசி ஏறவேண்டும், எது சும்மா இருக்கவேண்டும் என்று கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கும். இரண்டு நாளாக டிசைனில் அங்கங்கே கோடு விழுந்துகொண்டிருந்தது.

பையன் அதைச் சுற்றி வந்தான். கீழே குனிந்து ஒரு சின்ன உருளைப் பெட்டியைக் காட்டினான். "இது என்கோடருங்களா? எங்க இன்ஜின்லயும் இதேதானுங்க. எவ்வளவு சுத்தியிருக்குன்னு சொல்றது. எங்களுக்கு ரெண்டு போட்டிருப்பாங்க."

"ஆனா இதுல கேம் இருக்குதே" என்றார் மச்சான்.

"ஆமாங்க. இதுல இருக்குதுங்க."

வேறு பையனாக இருந்தால் அந்த இடத்தில் கேமை இரண்டு வார்த்தை புகழ்ந்திருப்பான். இவன் புகழவில்லை. மச்சான் ஸ்பேனரை நீட்டினார். "செரி, நீங்கதான் கப்பலையே ஓட்டறீங்களே. இதைப் பாத்துக் குடுங்க."

பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "எனக்கு இந்த மெஷின் தெரியாதுங்க. மேனுவல் பாக்காமக் கை வெச்சா இன்னும் கெட்டுப்போயிருமுங்க."

மச்சான் ஸ்பேனரை நீட்டியபடியே நின்றார். இந்த ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மெக்கானிக், வயர்மேன், நூல் ஏஜென்ட், யாரைக் கேட்டாலும் "ஆயிருமுங்க" என்பதுதான் பதில். ஆகாது என்று தெரிந்த பிறகும் "நாளைக்கு ஆயிருமுங்க" என்பார்கள்.

அப்போது மச்சானின் போன் அடித்தது. அந்த ஜக்கார்டு துணிக்காகக் காத்திருக்கும் கம்பெனியின் புரொடக்‌ஷன் மேனேஜர். கத்துகிற ஆள் என்பதால் அவர் குரல் எங்களுக்கும் கேட்டது.

"சொல்லுங்க சார்... துணியா? ஓடிட்டே இருக்குதுங்க... நான் மெஷின் முன்னாடிதான் நிக்கறனுங்க."

அது உண்மைதான். மெஷின் முன்னால்தான் நின்றார்.

"சத்தமே கேக்கலையே?" என்றது போன்.

மச்சான் நிதானமாக நடந்து பக்கத்தில் சாதா துணி ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்குப் போய், போனை அதனிடம் நீட்டிப் பிடித்தார். மெஷின் தன் பங்குக்கு நன்றாகவே பேசியது. "கேக்குதுங்களா சார்?... ஆமாங்க. நாளைக்கு ஆயிருமுங்க." போனை வைத்துவிட்டுத் திரும்பினார். நாங்கள் மூவரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பையன்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தி, மறுபடியும் என்கோடரைப் பார்க்க ஆரம்பித்தான்.

"ஏம்ப்பா, மெஷின் முன்னாடி யாரும் பொய் சொல்ல முடியாதுன்னீங்க?" என்றாள் மகள்.

"அது பொய்யில்ல கண்ணு. அது டெலிவரி."

"அந்த டெலிவரிக்குத்தான் நான் தெனமும் பையருக்கு மெயில் போட்டுட்டு இருக்கறேன். இவருகிட்ட நீங்க கேட்டதுக்கு, இருக்கறதை இருக்குன்னாரு, இல்லாததை இல்லைன்னாரு, தெரியாததைத் தெரியாதுன்னாரு. இந்த மூணையும் இந்த யூனிட்டுல ஒரே ஆளு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?"

மச்சான் ஆபரேட்டரை விட்டு எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். டீ வந்ததும் முதல் டம்ளரைப் பையனிடம் கொடுத்தார். "கப்பல்ல டீ எல்லாம் போடுவாங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். போடுவார்களாம், பால்பவுடரில். மச்சான் அதற்கு மிகவும் வருந்தினார்.

கிளம்பும்போது பையன், என்கோடர் பக்கம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள் என்று தயங்கிச் சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் வந்த டெக்னீஷியன், என்கோடரில் ஒரு குறையும் இல்லை, ஊசி தேர்ந்தெடுக்கும் இடத்தில் பஞ்சு அடைத்திருக்கிறது என்றார். பையன் ஊகம் தவறு. மச்சான் அதைச் சந்தோஷத்தோடு எனக்குப் போன் செய்து சொன்னார். "பாத்தியா மாப்ள, நெசமாவே அவனுக்கு இந்த மெஷின் தெரியல."

கேம் இல்லாமல் இன்ஜின் ஓடும் என்பதை அவர் ஏற்றுக்கொண்டாரா என்று கேட்டேன். "அது எப்பிடி ஓடும்? ஓடாது. ஆனா அவன் ஓடுதுன்னு நெனச்சுத்தான் சொல்றான்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோமனூரில் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். பையன் இப்போது கடலில் இருக்கிறான். வந்ததும் கல்யாணம். இன்ஜினின் பக்கவாட்டைப் படமெடுத்து, கேம்ஷாஃப்ட் இல்லாத இடத்தை வட்டமிட்டு அனுப்பியிருந்தான். "இல்லாததைப் போட்டோ புடிச்சு அனுப்பியிருக்கறான் பாரு" என்று மச்சான் யூனிட்டில் எல்லோருக்கும் காட்டுகிறார்.

ஒன்று மட்டும் எனக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. மச்சான் சம்மதம் சொன்ன நாள். யூனிட்டிலிருந்து வந்த அன்று மாலையே "ஆகட்டும்" என்றார் என்கிறாள் அக்கா. அன்று தான் வெறுமனே இருமியதாகவும், டெக்னீஷியன் வந்துபோன பிறகுதான் சொன்னதாகவும் மச்சான் சொல்கிறார். கேட்டவர் அக்கா ஒருத்திதான். வேறு சாட்சி இல்லை. இரண்டு தேதிகளையும் எழுதி வைத்திருக்கிறேன். எது சரி என்பது இதுவரை உறுதிப்படவில்லை.