பூட்டில்லாத முள்ளியவளை

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், நானும் மனைவியும் மட்டும் இருந்தோம். ரொறன்ரோவில் இருக்கும் மகள் யுத்தத்தின் கடைசிக் காலத்தில் ஒருமுறை வந்து நின்றபோது, இணைய இணைப்பு எடுத்து, வயர் இல்லாமல் வேலை செய்யும் ரூட்டர் ஒன்றையும் பொருத்தினாள். தன் பழைய லப்டொப்பை எங்களுக்கே விட்டுவிட்டாள். பேத்தியின் முகத்தைப் பார்த்துக் கதைக்கலாம் என்பது அவளுடைய ஏற்பாடு.

அந்த இணைப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டாள். எங்கள் ஆட்கள் வீடு கட்டினாலும் கடை திறந்தாலும் ஊர்ப்பெயரைத்தான் வைப்பார்கள். எனக்கும் வேறு ஒன்றும் தோன்றவில்லை. முள்ளியவளை என்றேன். பதினெட்டு வயதில் விட்டு வந்த வன்னி ஊர். அவள் ஆங்கில எழுத்தில் அதை அடித்தாள். கடவுச்சொல் பிறகு போடலாம் என்றாள். போடாமலே விமானம் ஏறிவிட்டாள்.

நான் அரச கணக்காய்வில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எண்ணாமல் எனக்கு இருக்க முடியாது. லப்டொப்பின் மூலையில் சிக்னலைக் காட்டும் கோடுகள் ஐந்து. கூடத்தில் நாலு, அறையில் மூன்று, சமையலறையில் ஒன்று. இடி முழங்கினால் ரூட்டரின் பிளக்கைக் கழற்றுவேன். வெளியே போனாலும் கழற்றுவேன். மனைவி அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

எங்கள் தளத்தில் நாலு வீடுகள். அடுத்த வீட்டில் கிளிநொச்சியிலிருந்து வந்த இளம் தம்பதி இருந்தார்கள். அந்தப் பெண்ணின் தமையன் தங்களை வெளிநாட்டுக்கு எடுப்பதற்காகக் காத்திருந்தார்கள். பொலிசில் முறையாகப் பதிந்திருந்தார்கள். கணவனுடைய தாய் சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். போன் இல்லை, கடிதம் இல்லை. காயப்பட்டு வெளியே கொண்டுவரப்பட்டவர்களின் பெயர்களை ஏதாவது இணையத்தளத்தில் போட்டால் பார்க்கலாம், அவ்வளவுதான். எங்கள் இணைப்பைப் பாவிக்கலாமா என்று அவன் வந்து கேட்டான். மனைவி நான் வாய் திறப்பதற்கு முன்பே சம்மதித்துவிட்டாள்.

"ஊரிலை சிக்னல் இல்லை அங்கிள்," என்றான் அவன். "இஞ்சை ரோட்டிலை நிண்டாலே முள்ளியவளை தெரியுது."

நானும் சிரித்தேன்.

அவர்கள் வீட்டில் ஒரு கோடுதான் விழுந்தது. அதுவும் நின்று நின்று. ஒருநாள் மனைவி ரூட்டரைத் தூக்கிக்கொண்டு போய், பின்னறையில் இரும்பு அலுமாரிக்குப் பின்னால், அவர்கள் வீட்டுச் சுவரோடு ஒட்டி வைத்தாள். அந்தச் சுவருக்கு அப்பால் அவர்களுடைய வாசல். இப்போது அவர்களுக்கு ஐந்து கோடு. எங்கள் கூடத்தில் இரண்டு. எங்கள் வீட்டு இணைப்பு எங்களுக்கே எட்டவில்லையே என்று நான் புறுபுறுத்தேன்.

"எங்கடை பேத்தி ரெண்டு கோட்டிலையும் வருவா," என்றாள் மனைவி. "அந்தப் பிள்ளையின்ரை தாய் அஞ்சிலையும் வரேல்லை."



பூட்டு இல்லாததுதான் என்னை அரித்தது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. தெருவில் நிற்கும் ஒருவன் பூட்டில்லாத இணைப்பில் புகுந்து எதையும் செய்யலாம், பழி வீட்டுக்காரன் தலையில் விழும் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு தரம் வாசித்துவிட்டு அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பூட்டில் இரண்டு வகை இருக்கிறது என்று அவன் விளங்கப்படுத்தினான். பழையது பேருக்குத்தான், வழி தெரிந்தவன் சில நிமிடங்களில் உடைத்துவிடுவான். புதியது உறுதி. ஆனால் மகள் விட்டுப்போன லப்டொப் அந்தப் புதிய பூட்டு வருவதற்கு முந்தியது. போட்டுப் பார்த்தான். லப்டொப் வெளியே நின்றுவிட்டது. பேத்தி வரும் நேரத்தில் திரை வெறுமையாக இருந்தது. மனைவி என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மகள் வேறு லப்டொப் அனுப்பும்வரை இருக்கட்டும் என்று அவனே பூட்டை எடுத்துவிட்டான். பெயரை மாற்றலாம் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெயர் அப்போது ஒவ்வொரு நாளும் சண்டைச் செய்தியில் அடிபட்டது.

ஒரு பிற்பகல் ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் மறித்துச் சோதனை செய்தார்கள். அது புதிதல்ல. அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் கையில் வைத்துக்கொண்டு கதவடியில் நிற்பது எங்களுக்குப் பழகியிருந்தது. இந்த முறை வந்தவர்களில் ஒருவர் சிவில் உடையில், இளம் வயது, கையில் விலை உயர்ந்த போன். போனைப் பார்த்தபடியே படியேறி வந்தார். எங்கள் வாசலில் நின்று அட்டைகளை வாங்கிப் பார்த்தார். என் பிறந்த இடத்தையும் பார்த்தார். ஐம்பது வருடமாகக் கொழும்பில் இருக்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னேன். தலையசைத்துவிட்டுத் திரும்பவும் போனைப் பார்த்தார்.

பிறகு போனை முன்னால் நீட்டியபடி மெல்ல நடந்தார். அடுத்த வீட்டு வாசலில் நின்றார். அவர் என்ன செய்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மாதக்கணக்காக நானும் அதைத்தானே எண்ணிக்கொண்டிருந்தேன். முள்ளியவளைக்கு என் வாசலில் இரண்டு கோடு. அங்கே ஐந்து.

கதவைத் திறந்தவன் அடையாள அட்டையைக் கொடுத்தான். அதில் கிளிநொச்சி என்று இருந்தது. அந்த அதிகாரி அட்டையைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சிப்பாய் அவனுடைய கையைப் பிடித்தான்.

நான் போய், சேர், அது என்னுடைய இணைப்பு என்றேன். அவர் என் வாசலுக்கு வந்து போனைக் காட்டினார். இரண்டு கோடு. இந்தப் பையனுக்காகப் பொய் சொல்ல வேண்டாம் மாத்தயா என்று மரியாதையாகத்தான் சொன்னார். உள்ளே வந்து பாருங்கள் என்று பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அலுமாரிக்குப் பின்னால் ரூட்டர் பச்சை வெளிச்சத்தோடு எரிந்துகொண்டிருந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே போய் எங்கள் ரெலிபோன் இணைப்பில் அது சேர்வதைப் பார்த்தார். நம்பிவிட்டார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். உங்கள் கூடத்தில் வைக்காமல் அவனுடைய சுவரோடு ஏன் ஒட்டி வைத்திருக்கிறீர்கள்?

அவனுடைய தாயின் பெயரைத் தேடுவதற்கு என்றேன். தாய் எங்கே என்று கேட்டார். அதற்கு என்ன சொன்னாலும் பிழைதான்.

அவனையும் என்னையும் கொண்டு போனார்கள். அவனுடைய லப்டொப்பை எடுத்துக்கொண்டார்கள். போன் அவன் சட்டைப் பையில் இருந்தது. பொலிஸ் நிலையத்து மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவளைச் சாப்பிடச் சொல்லும்படி மட்டும் என்னிடம் சொன்னான். பொழுதுபடுவதற்கு முன் என்னை விட்டுவிட்டார்கள். வயதும் ஓய்வூதிய அட்டையும் எனக்கு உதவின. அவனை நாளைக்கு விடுவோம் என்றார்கள்.

மறுநாள் போனபோது வேறு இடத்துக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். அந்த இடத்தில், அப்படி ஒருவர் வரவில்லை என்றார்கள். என் மனைவியும் அவளும் அதற்குப் பிறகு ஏறி இறங்கிய இடங்கள் ஆறு. ஆறிலும் அதே பதில்.

அந்தக் கிழமை நான் ரூட்டரின் பெயரை மாற்ற உட்கார்ந்தேன். பயம்தான், வேறொன்றுமில்லை. அதே போனோடு அதே ஆள் திரும்ப வரலாம். அவள் எங்கள் வீட்டில் மனைவியோடு இருந்தாள். நான் செய்வதைக் கண்டு எழும்பி வந்தாள்.

"பேரை மாத்தாதேங்கோ அங்கிள். அவரின்ரை போனுக்கு இந்தப் பேர்தான் தெரியும். ஒழுங்கைக்கை வந்தாலே தானா ஒட்டும்."

"வாற ஆள் வீட்டுக்குத்தானே வரும், பிள்ளை?"

"வீட்டுக்கு ஏறப் பயந்தா?"

பெயரும் மாறவில்லை, பூட்டும் போடவில்லை. பூட்டினால் அவனுடைய போனும் வெளியேதான் நிற்கும். அதற்குப் பிறகு இடி முழங்கும்போது நான் பிளக்கைக் கழற்றுவதில்லை. இன்னும் மூன்று முறை சோதனைக்கு வந்தார்கள். மூன்று முறையும் அவர்களுடைய முகத்தைப் பார்க்காமல் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்தது. தாயின் பெயர் எந்த இடத்திலும் வரவில்லை. அவள் தமையனிடம் போகவில்லை. வாடகை கட்டுப்படியாகாமல் கொட்டாஞ்சேனையில் ஓர் அறைக்குப் போய், ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறாள். என் மனைவியும் காலமாகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பிள்ளை எனக்குப் போன் எடுப்பாள். என் மருந்துகளைப் பற்றி விசாரித்துவிட்டு, கடைசியில், "எரியுதோ அங்கிள்?" என்பாள். ரூட்டரின் பச்சை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "எரியுது," என்பேன்.

பிறகு கண்ணாடி இழையில் வரும் புதிய இணைப்பு வந்தது. அதன் ரூட்டர் எல்லா அறையிலும் ஐந்து கோடு காட்டுகிறது. அதன் பூட்டு மூன்றாம் தலைமுறை என்கிறார்கள். பொருத்த வந்த தம்பி அலுமாரிக்குப் பின்னால் இருந்ததைக் கண்டு திடுக்கிட்டார். இது கதவில்லாத வீடு ஐயா, கழற்றி எறியுங்கோ என்றார். இணைய வயரை மட்டும் அதிலிருந்து கழற்றச் சொன்னேன். இப்போது அதன் வழியாக எங்கேயும் போக முடியாது. அது தன் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எத்தனை பேர் அதில் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு பக்கம் உண்டு. மகளின் பழைய லப்டொப்பில் பார்ப்பேன். ஒருமுறை இரண்டு என்று காட்டியது. செருப்பையும் மறந்து இறங்கிப் போனேன். ஒழுங்கையில் ஒரு முச்சக்கரவண்டிக்காரர் ஆள் ஏறுமட்டும் நின்றபடி போனை நோண்டிக்கொண்டிருந்தார். வைஃபை இருக்கு, நெற் இல்லையே என்று என்னிடமே சொன்னார்.

அதை அவளிடம் சொல்லவில்லை. எரிகிறதா என்று கேட்பாளே தவிர, எண்ணிக்கையை அவள் கேட்பதில்லை. அந்தப் பக்கத்தைப் பார்ப்பதற்கு நானும் அதில் இணைய வேண்டும். ஆகவே மற்ற நாட்களில் எல்லாம் அது ஒன்று என்றே காட்டும். அந்த ஒன்று நான்.