அசையாமல் இருந்தவர்

2024 ஜூன் 12, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். நாட்குறிப்பில் அன்றைய வேலைகளை வரிசையாக எழுதிவிட்டு, ஏழு மணிக்குப் புதுக்கோட்டையிலிருந்து கோட்டைப்பட்டினத்துக்குக் கிளம்பினேன்.

நான் பொறியியல் கல்லூரி ஆசிரியை. கண்ணின் விழித்திரையைப் போல வேலை செய்யும் ஒரு சிப்பை மூன்று ஆண்டுகளாக வடிவமைத்து வருகிறேன். அதன் ஒவ்வொரு புள்ளியும், தன்மேல் விழும் ஒளி மாறினால் மட்டுமே செய்தி அனுப்பும். மாறாவிட்டால் பேசாமல் இருக்கும். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளைப் பார்த்துச் செய்தது.

அன்று அதை ஒரு விசைப்படகில் சோதித்தோம். மீன்பிடித் தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருந்ததால் படகு துறையில் நின்றது. படகு ஆட்கள், வலை இழுக்கும் வின்ச்சின் உருளையில் புதுக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் கை சிக்கினால் விரல்கள் மிஞ்சாது. அருகில் ஆள் இருந்தால் சிவப்பு விளக்கு எரியும். எரியாவிட்டால் படகு டிரைவர் வின்ச்சை ஓட்டலாம். இதுதான் என் ஏற்பாடு.

வின்ச்சுக்காக ஓடிய என்ஜினின் அதிர்வில், சிப் அனுப்புவதைக் காட்டும் கணினித் திரை முழுக்கப் புள்ளிகள் கொட்டின. எனக்குக் குப்பை பிடிக்காது. சிப்புக்கு அடியில் நான்கு ரப்பர் துண்டுகள் வைத்தேன். திரை துடைத்துவிட்டது போல ஆனது. ஆள் வந்தால் விளக்கு எரிந்தது, போனால் அணைந்தது.

வின்ச்சை ஓட்டுமுன் குரல் கொடுத்து, பதில் வந்த பிறகே கைப்பிடியைத் தள்ளுவது அவர்கள் வழக்கம். இனிக் குரல் வேண்டாம், விளக்கைப் பார்த்தால் போதும் என்று டிரைவரிடம் சொன்னேன்.

"சரிங்க மேடம். கத்திக் கத்தித் தொண்டை போச்சு. இனிமே வீட்ல மட்டும் கத்துனாப் போதும்" என்று சிரித்தார்.

சற்று நேரத்தில் விளக்கு அணைந்தது. அவர் கைப்பிடியைப் பிடித்தார். பழக்கதோஷம், வாய் தானாகக் கூப்பிட்டுவிட்டது.

"மச்சான், ஓட்டவா?"

"இருங்க மச்சான்! கை உள்ள கெடக்கு!"

வின்ச்சுக்கு மறுபக்கம், டிரைவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அவருடைய மைத்துனர் குந்தியிருந்தார். உருளைக்குள் கையை விட்டுச் சிக்கிய கயிற்றை அழுத்திப் பிடித்தபடி, அறுக்கக் கத்தி வரட்டும் என்று காத்திருந்தார். என் சிப் அவருக்கு நேர் எதிரே இருந்தது. அவர் அசையவில்லை, அதனால் அதன் கணக்கில் அங்கே யாரும் இல்லை.

"ஏன் மேடம், ஒங்க மிசினுக்காக நான் ஆடிக்கிட்டே நிக்கணுமா?" என்றார் மைத்துனர். டிரைவர் சிரிக்கவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு மறுபக்கம் போய், மைத்துனரின் கை வெளியே வருவதைப் பார்த்த பிறகே திரும்பினார்.

நம் கண் ஓயாமல் மிக லேசாக நடுங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நடுக்கம் நின்றால் அசையாத பொருள்கள் பார்வையிலிருந்து மங்கி மறைந்துவிடும். ஆண்டுதோறும் வகுப்பில் நானே சொல்லும் பாடம். படகு தானாகக் கொடுத்த நடுக்கத்தைத்தான் ரப்பர் வைத்து அடக்கியிருந்தேன்.

இன்றும் திரை அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தால், யாரோ ஒருவர் அங்கே அசையாமல் குந்தியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

சோதனைக்கு மறுநாள் காலை, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கும் முன்னால், வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த சிப்பிலிருந்து அந்த நான்கு ரப்பர் துண்டுகளையும் கழற்றினேன். பிறகு செயல்முறைத் தாளை எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியாக எழுதினேன்: குரல் கொடுத்து, பதில் வந்த பிறகே வின்ச்சை ஓட்டவும்.