போதும் என்று சொல்லத் தெரியாத செல்கள்

“பசிக்குதா? இருங்க, வந்துட்டேன்” என்றபடியே இன்குபேட்டரின் கதவைத் திறக்கிறாள். உள்ளே சின்னச் சின்னத் தட்டுகளில் மனிதச் சிறுநீரகச் செல்கள். பழைய ஊட்டத் திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, இளஞ்சூடான புதியதை ஓரமாக, சொட்டுச் சொட்டாக விடுகிறாள். நடுவில் ஊற்றினால் ஒட்டியிருப்பவை பெயர்ந்துவிடும். பதினாறு வருடமாக இதே வேலை. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் ‘செல்லம்மா’; சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான்.

விடுமுறையிலும் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போவாள். “எங்க போனாலும் மனசு இங்கதான் கெடக்கு” என்பாள்.

நல்ல செல்கள் தட்டை நிறைத்து, பக்கத்துச் செல்லைத் தொட்டதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். ‘போதும்’ என்று சொல்லும் புரதங்கள் அவற்றுக்கு உண்டு. கடைசித் தட்டில் இருப்பவற்றில் அப்படியொரு புரதம் பழுது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி வளர்ந்துகொண்டே போகும். அவை அவளுடைய அண்ணனின் செல்கள். நீர்க்கட்டிகள் மண்டிப் பந்தாய் வீங்கிய சிறுநீரகத்தை அகற்றியபோது, ஆராய்ச்சிக்கென்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். “வீட்லதான் உன் அதிகாரம்னா, இனி லேப்லயும் நான் உன் கைலதானா?” என்று சிரித்தார். அப்பாவைக் கொண்டுபோனதும் இதே நோய்தான்.

போன மாதம், இந்த ஆராய்ச்சியை நடத்தும் ஆய்வாளர் அம்மா, பழுதில்லாத புரதத்தை அந்தச் செல்களே உண்டாக்கும்படி செய்தார். நான்காம் நாள் காலை மைக்ரோஸ்கோப்பில் குனிந்த செல்லம்மா நிமிரவேயில்லை. பாய் விரித்தாற்போல் ஒரே அடுக்காக அடங்கி நின்றன செல்கள்.

“ஒரு தட்டுலதான் நடந்திருக்கு. மூணு தடவ நடக்கட்டும், அப்புறம் சந்தோஷப்படு” என்றார் ஆய்வாளர்.

மூன்று தடவையும் நடந்தது. அனுமதி வாங்கி, டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில் அண்ணனை வரவழைத்தாள். ஏழு வயது மகளையும் கையோடு கூட்டி வந்தார். மைக்ரோஸ்கோப்பில் தன் செல்களை வெகுநேரம் பார்த்தார்.

“அட, அடங்கிடுச்சே! அப்ப எனக்கு?”

இந்தக் கேள்விக்கு இரண்டு நாளாகப் பதில் ஒத்திகை பார்த்திருந்தாள். அதை ஒதுக்கிவைத்தாள்.

“உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேண்ணா. தட்டுல நடக்கறது வேற, உடம்புல நடக்கறது வேற. மருந்தா வருமான்னே தெரியாது. வந்தாலும் பல வருஷம் ஆகும். உனக்கு... கெடைக்காதுண்ணா.”

மகளுக்கும் அந்த நோய் இறங்கியிருக்கிறதா என்று இன்னும் சோதிக்கவில்லை. இருக்கலாம், இல்லாமலும் போகலாம், சரிபாதி வாய்ப்பு.

அண்ணன் மகளைப் பார்த்தார். மெல்ல எழுந்தார். முக்காலியின் திருகைச் சுற்றிச் சுற்றி இருக்கையை உயர்த்தினார். மகளைத் தூக்கி உட்காரவைத்து, அவள் கண் மைக்ரோஸ்கோப்புக்கு நேராக வருகிறதா என்று குனிந்து பார்த்தார்.