மஞ்சள் குறியிட்ட மூங்கில்

சரணாலயத்துக்குள் வன உயிர்களின் வாழிடத்தை அழிக்க, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். திருப்பதியில் நடந்த பாம்புப் பாதுகாப்பு விழாவின் பந்தலோ சரணாலயத்து மூங்கிலில்தான் நின்றது.

என் பக்கத்து நாற்காலியில், அப்பகுதியில் அருகிவரும் மூங்கில் விரியனை ஆராயும், நகரி என்ற ஊர்க்காரப் பெண்மணி. சாயம் போன முழுக்கைச் சட்டை. எதையும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்ப்பார். அன்று பந்தக்காலைத் தொட்டார். கணுவில் மஞ்சள் பெயின்ட் இருந்தது.

"என் விரியன் இருந்த புதர் சார் இது. இந்த விழாக்காரங்கள நம்பிக்கினு நானே இட்டுக்கினு போய்க் காட்டினேன்."

மாலையுடன் வந்த விழாப் பொறுப்பாளர் சிரித்தார். "மஞ்ச மார்க்கைப் பார்த்து, வெட்டச் சொன்ன மரம்னு ஆளுங்க நெனச்சிட்டாங்க மேடம்காரு."

"காப்பாத்தணும், மார்க் போடுன்னதே நீங்கதானே?"

"அவுனு, நான்தான் சொன்னேன். ஆனா பாம்பைத் தொடவே இல்லையே!"

"வீட்டைப் பிடுங்கினு வந்துட்டு, ஆளைத் தொடலன்றீங்க."

மாலையை வாங்காமலே எழுந்து போனார்.

சட்டப்பிரிவு எண்ணோடு வனத்துறைக்குப் புகாரை நான்தான் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்திட்டார். ஆனால் மிச்சமிருக்கும் விரியன்கள் எந்தப் பக்கம் என்று அதன்பின் யாரிடமும் அவர் சொல்லவில்லை, என்னிடமும்தான். அதில் எனக்கு வருத்தமில்லை, மரியாதைதான்.

"பந்தல் பிரிக்கப்பட்டுவிட்டதால் புகார் முடித்துவைக்கப்படுகிறது" என்ற பதில் அவருக்கு வந்து சேர்ந்தது, அடுத்த வருடத்து ஆடிக் கிருத்திகையன்று.