பச்சை மைக் கையெழுத்து

கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் எங்கள் அப்பா. செந்துறைப் பக்கம் ஒரு பண்ணையாரின் மாடுகளை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாடு படுத்தால் எழும்வரை சோறு இறங்காது அவருக்கு.

தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்திருந்த புதிது. திருச்சிக்குப் போய் எழுதினேன். அந்த மதிப்பெண்ணும் பிளஸ் டூ மதிப்பெண்ணும் நன்றாகவே வந்திருந்தன. இரண்டுக்கும் நகல் எடுத்து, அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி ஒருவரிடம் பச்சை மையில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டும். எங்கள் தலைமையாசிரியை போட்டுக் கொடுத்திருப்பார். மகளின் பிரசவத்துக்காக அவர் லீவில் ஊருக்குப் போயிருந்தார்.

“நம்ம மாட்டாஸ்பத்திரி டாக்டரு இருக்காருல்ல. என்னைய நல்லாத் தெரியும்” என்றார் அப்பா. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னை அழைத்துப் போனார்.

டாக்டர் காகிதங்களை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது ஒன்னோட மார்க்கா?”

“ஆமாங்க சார்.”

“மாட்டு வயித்துல எத்தன அறை?”

நாலு என்று சொல்லி, புத்தகத்தில் இருந்தபடி பெயர்களையும் சொன்னேன்.

“நல்லா மனப்பாடம் பண்ணியிருக்க” என்றவர் அப்பா பக்கம் திரும்பினார். “என்னப்பா, நீ மாடு புடிச்சுக்கிட்டு நிப்ப, ஒம்மவ ஊசி போடுவாளா?”

மருந்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த கம்பவுண்டர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

“சீல் இல்ல. திங்கக்கெழம வா” என்றார் டாக்டர். முத்திரை அவர் மேசைமேல்தான் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிட்டார்.

திங்கட்கிழமை போனோம். டாக்டர் முகாமுக்குப் போய்விட்டார் என்றார்கள். பஸ் பிடித்து அரியலூருக்குப் போனோம். முதல் ஆபீசில், தெரியாதவர்களுக்குப் போட மாட்டோம் என்றார்கள். அடுத்த ஆபீசில் மத்தியானம்வரை நிற்க வைத்துவிட்டு, அதிகாரி சாப்பிடப் போய்விட்டார், இனி வரமாட்டார் என்றார்கள். அப்பா ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். “எல்லாரும் செருப்போடதானப்பா போறாங்க” என்றேன். அவர் செருப்பைக் காலால் ஓரமாக ஒதுக்கிவிட்டார்.

தலைமையாசிரியை திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் வைத்தே கையெழுத்துப் போட்டார். “டாக்டரு போட மாட்டேன்னுட்டாரா?” என்று இரண்டு தடவை கேட்டார். அதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. இருந்தும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். காலம் கடந்து வந்ததால் பரிசீலிக்க இயலாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. என்னைவிடக் குறைந்த மார்க் வாங்கிய, என் வகுப்புப் பெண் ஒருத்திக்கு அதே படிப்பில் இடம் கிடைத்தது. அவளுடைய மாமா தாலுகா ஆபீசில் அதிகாரி.

கொஞ்ச நாள் கழித்து அப்பா அந்த டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். “அடடா, இன்னொரு தடவ வந்திருந்தா போட்டுருப்பேனே” என்றாராம். அதை வீட்டில் வந்து சொன்னபோது அப்பாவின் குரலில் கோபமே இல்லை.

“நீங்க ஒண்ணுமே கேக்கலையா?” என்றேன்.

“என்னான்னு கேக்கச் சொல்ற? அவருகிட்டப் பகைச்சிக்கிட்டு மாட்ட எங்க ஓட்டிட்டுப் போறது?”

அரியலூர்க் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்று உறவுக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். யாரும் கொடுத்துவைத்து நடந்ததல்ல அது. ஒரு ஆள் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

கல்லூரிக்குப் போன முதல் வாரம், பஸ் மாட்டாஸ்பத்திரியைக் கடந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பண்ணை மாட்டின் கொம்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். துண்டு இடுப்பில் இருந்தது. டாக்டர் ஏதோ சொல்ல, அப்பா தலையாட்டிச் சிரித்தார். நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.